ஆறுமுகநேரி வீட்டு இரட்டைக்குழல்

வெள்ளிக்கிழமை, காலை 6.50

முத்துநகர் எக்ஸ்பிரஸ் இருபது நிமிடம் தாமதமாகத் தூத்துக்குடியில் வந்து நின்றது. பிளாட்பாரத்தில் இறங்கியதும் நாக்கால் உதட்டைத் தொட்டுப் பார்த்தேன். உப்பு. சென்னையிலும் கடல் இருக்கிறதே என்று என் மகள் கேட்பாள். முப்பது வருடமாக அங்கே இருக்கிறேன், அந்தக் கடல் ஒரு நாளும் என் உதடு வரை வந்ததில்லை.

ஊர் சுற்றிப் பார்க்க நான் வரவில்லை. ஒரு துப்பாக்கியின் வயிற்றைத் திறக்கும்போது பக்கத்தில் நிற்பதற்காக வந்திருக்கிறேன்.

என் அப்பா தேவசகாயம் நாசரேத்தில் அறிவியல் ஆசிரியராக இருந்தவர். மூன்று வருடங்களுக்கு முன்பு இறந்துபோனார். அவர் விட்டுச் சென்றவற்றில் யாரும் கேட்காத பொருள் ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. அன்றிலிருந்து அது தூத்துக்குடியில் உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடையின் பாதுகாப்பில் கிடந்தது. ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, இப்போதுதான் உரிமம் என் பெயருக்கு வந்தது. ஐம்பத்தைந்து வயதில் ஒரு பெண்ணுக்குத் துப்பாக்கி எதற்கு என்று கேட்காத அதிகாரி இல்லை. நான் வங்கியில் வேலை பார்த்தவள். எங்கள் கிளை வாசலில் ஒரு காவலர் இதே மாதிரி இரட்டைக்குழலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பல வருடம் தூங்கியதைப் பார்த்திருக்கிறேன். எனக்குத் துப்பாக்கி மேல் பயமும் இல்லை, ஆசையும் இல்லை. அப்பாவின் தம்பி ஆசீர் சித்தப்பா கேட்டார், அதனால் வந்தேன்.

ஸ்டேஷனிலிருந்து லாட்ஜுக்கு ஆட்டோ எண்பது ரூபாய். குளித்துவிட்டு, நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். கடைக்குப் போகும் முன் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீடு ஆறுமுகநேரியில், உப்பளத்தை ஒட்டி இருந்தது. அங்கே இரும்பு என்றாலே துருதான். ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், அம்மாவின் தையல் மெஷின் என்று எதுவும் தப்பாது. அந்த வீட்டிலேயே துருப்பிடிக்காத ஒரே இரும்பு துப்பாக்கி. ஆசீர் சித்தப்பா சனிக்கிழமை தோறும் அதற்கு எண்ணெய் போடுவார். குழல்களின் பின்பக்கம் காது மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சுத்தியல்களையும் நாங்கள் குதிரை என்போம். வலது குதிரை, இடது குதிரை. பாதி இழுத்து நிறுத்தினால் குதிரை அங்கேயே நிற்கும், விசையை அழுத்தினாலும் விழாது. முழுதாக இழுத்து விசையை அழுத்தினால் வெடிக்கும். பத்து வயதில் எனக்கு இது மனப்பாடம்.

வருடத்துக்கு ஒரே ஒரு காலையில்தான் துப்பாக்கி பேசும். புத்தாண்டு ஆராதனை முடிந்து வந்ததும் அப்பா மொட்டைமாடியில் நின்று கடல் பக்கம் பார்த்து இரண்டு முறை சுடுவார். எங்கள் தாத்தா முத்துக்குளிப்பு முகாமில் எழுத்தர். துப்பாக்கிச் சத்தம் கேட்டால்தான் படகுகள் சிப்பி கிடக்கும் முத்துப் பார்களுக்குக் கிளம்புமாம். அந்தத் துப்பாக்கியே இதுதான் என்றும், லண்டனில் செய்தது என்றும், ஊர் திரும்பிய வெள்ளைக்கார கேப்டன் கொடுத்தது என்றும் எங்கள் வீட்டில் சொல்வார்கள். அந்த இரண்டு வெடிச்சத்தத்துக்காக நான் வருடம் முழுக்கக் காத்திருப்பேன். காதைப் பொத்திக்கொண்டு, பொத்திய விரல்களுக்கு இடையே கேட்டுக்கொண்டு நின்ற அந்தக் காலைகளை இப்போதும் விட மனமில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடத்தோடு அது முடிந்தது. அப்பா தோட்டாக்களைப் போட்டு, குதிரைகளைப் பாதி நிலையில் நிறுத்தித் துப்பாக்கியைத் தூக்கினார். அதன் அடிக்கட்டை கைப்பிடிச் சுவரில் லேசாக இடித்தது. வலது குழல் வெடித்தது. பக்கத்தில் நின்ற சித்தப்பாவின் வலது காதுக்கும் குழலுக்கும் ஒரு சாண் தூரம்தான். குண்டு மேலே போய்விட்டது, காது போய்விட்டது. அப்போது சித்தப்பாவுக்கு இருபத்து நான்கு வயது. கப்பல் வேலைக்குத் தேர்வாகி, மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி.

கப்பல் அவர் இல்லாமல் போனது. அவர் உப்பளத்தில் கணக்குப்பிள்ளை ஆனார். "நான் விசையைத் தொடவே இல்ல" என்று அப்பா ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். தானாக வெடிக்க அது என்ன பட்டாசா என்று ஊர் சிரித்தது. எட்டாம் நாள் அப்பா மாற்றிச் சொன்னார். "ஆமா, என் கைதான் பட்டிருக்கு." அதன்பிறகு சித்தப்பா அவரோடு பேசவில்லை. கல்யாண வீடுகளில் சித்தப்பா தேடித் தேடி ஒரு நாற்காலியில் உட்காருவார். அண்ணன் எப்போதும் தன் வலது பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொள்வார். செவிட்டுக் காதுப் பக்கம்.

அப்பாவின் அடக்கத்துக்கு வந்தவர் நாசரேத் கல்லறைத் தோட்டத்து வாசலோடு நின்றுவிட்டார். போன மாதம் திடீரென்று போன் செய்தார். "துப்பாக்கிய நல்லாக்கப் போறியாம்லா. குதிரை லாக்கத் திறக்கும்போது நீ பக்கத்துல நில்லு. அவன் தொட்டானா தொடலையான்னு எனக்குத் தெரியணும். தொடலைன்னா நான் நாசரேத்துக்குப் போகணும்ளா" என்றார். போனை வைத்துவிட்டார்.

காலை 10.15

பழைய துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு சந்துக்குள் கடை. கடைக்காரர் மிக்கேல் அண்ணாச்சிக்கு அறுபது தாண்டியிருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற ஆள். தொழில் அமோகமாக நடக்கிறது. வங்கிக் காவலர் இருவர் தங்கள் துப்பாக்கிகளோடு பெஞ்சில் காத்திருந்தார்கள். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்குச் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

ஒரு மாதமாக அண்ணாச்சி எங்கள் துப்பாக்கியில் வேலை செய்திருந்தார். குழல்களின் துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல், எண்ணெயில் ஊறவைத்துப் பழைய செப்புக் காசின் விளிம்பால் மெல்லச் சுரண்டியிருக்கிறார். கட்டையில் ஓடிய விரிசலை ஒட்டியிருக்கிறார். துணியை விலக்கிக் காட்டினார். குழல் முழுக்கக் கோரைப்பாயின் பின்னல் போல வரிவரியாக ஒரு கோலம். அது அங்கே இருந்தது எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது.

"இரும்புப் பட்டையை முறுக்கிச் சுத்தி, அடிச்சு ஒட்டுன குழல். இதுல இப்பத்தித் தோட்டாவப் போட்டா கிழிஞ்சிரும். சுடணும்னு நெனச்சுக்கூடப் பாக்காதிய" என்றார்.

இரண்டு குழல்களுக்கும் நடுவே லண்டன் என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்ததை நான் பெருமையாகக் காட்டினேன். அண்ணாச்சி கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

"மேல எழுதுனத நம்பக் கூடாது தங்கச்சி. அடியில பாக்கணும்."

குழல்களைக் கட்டையிலிருந்து பிரித்துக் கவிழ்த்தார். பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தால், முட்டை வடிவ வட்டத்துக்குள் சில எழுத்துகள், மேலே ஒரு கிரீடம்.

"இது பெல்ஜியத்து முத்திரை. அங்கன செஞ்சு, விலை போகட்டும்னு லண்டன்னு வெட்டி, கப்பல்ல கட்டுக்கட்டா அனுப்புனது. நூத்திச் சொச்சம் வருசம் இருக்கும். அதுக்கு மேல கேட்டா நான் பொய் சொல்லணும்."

"அப்ப, முத்துக்குளிப்புக்குச் சுட்டது?"

"சுட்டிருக்கலாம். சுடாமலும் இருந்திருக்கலாம். துப்பாக்கி அதெல்லாம் எழுதி வைக்காது."

கேப்டனும் லண்டனும் அந்த மேசை மேலேயே செத்துப்போனார்கள். உண்மையாகவே வருத்தமாக இருந்தது. அந்தக் கதையை வைத்துப் பள்ளிக்கூடத்தில் நான் எவ்வளவு அலட்டியிருக்கிறேன்.

காவலர்களின் வேலை முதலில், லாக்கை மூன்று மணிக்குத்தான் திறப்பேன் என்றார். வெளியே வந்து பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டேன். மகளுக்கு அரை கிலோ மக்ரூன் வாங்கினேன். பழைய துறைமுகத்துப் பக்கம் கொஞ்சம் நடந்தபோது, கரையில் ஏற்றிய ஒரு மரப்படகுக்கு இரண்டு பேர் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் ஏனோ அம்மா என்னைத் திட்டுகிற மாதிரி தோன்றியது. காரணம் பிடிபடவில்லை.

மாலை 3.10

குதிரையை அசைக்கும் வில்லும் பற்களும் ஓர் இரும்புத் தகட்டின் உட்பக்கம் இருக்கின்றன. தகட்டோடு சேர்த்து அதுதான் லாக். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு.

திறப்பதற்கு முன் அண்ணாச்சி ஒரு சோதனை செய்தார். தோட்டா இல்லாத துப்பாக்கியில் இரண்டு குதிரைகளையும் பாதி நிலையில் நிறுத்தி, கட்டையின் அடியை மேசையில் லேசாகத் தட்டினார். வலது குதிரை அசையவில்லை. இடது குதிரை பட்டென்று விழுந்தது. விசையை யாரும் தொடவில்லை.

மறுபடியும் தட்டினார். மறுபடியும் விழுந்தது.

"வெடிச்சது எந்தப் பக்கம்னு சொன்னிய?"

"வலது பக்கம்."

"வலது நல்லாருக்கு. இடதுதான் கோளாறு" என்று தலையைச் சொறிந்தார். அப்படியென்றால் அப்பாவின் கைதானா?

முதலில் இடது லாக்கைக் கழற்றினார். உள்ளே எல்லாம் பழுப்பு நிறம். பல்லின் மேலும் வில்லின் மேலும் வார்னிஷ் அடித்த மாதிரி ஏதோ கெட்டியாகப் படிந்திருந்தது. அதனால் பல் பள்ளத்தில் முழுதாக இறங்காமல், நுனியில் தொட்டுக்கொண்டு நிற்கிறது. பார்க்கிறவனுக்குக் குதிரை நிற்கிற மாதிரி இருக்கும், ஒரு தட்டுத் தட்டினால் விழுந்துவிடும். கத்தி நுனியால் கொஞ்சம் சுரண்டி, அண்ணாச்சி விளக்கில் காட்டிச் சூடாக்கினார். வாடை எழுந்தது. காலையில் படகுக்குப் பூசிய அதே வாடை.

"மீனெண்ணெ. படகுக்குப் பூசுதது. மரத்துக்கு அது மருந்து, காஞ்சா ஓடு மாதிரி இறுகிக்கிடும். லாக்குக்குள்ள இத விட்டிருக்காவளே, யாரு வேல இது?"

அம்மா என்னை ஏன் திட்டினாள் என்று அப்போது விளங்கியது. என்னை இல்லை, சித்தப்பாவை. "வீடு பூரா மீன் நாத்தம்" என்று சனிக்கிழமை தோறும் திட்டுவாள். சித்தப்பா படகுக்காரர்களோடு சுற்றுகிறவர். கப்பல் கனவு. படகையே உப்புத்தண்ணீரிலிருந்து காப்பாற்றுகிற எண்ணெய் துப்பாக்கியைக் காப்பாற்றாதா என்று டின்னில் வாங்கி வந்து ஊற்றியிருக்கிறார். வெளியே துருவே வரவில்லை. அதில் அவருக்கு எவ்வளவு பெருமை.

பிறகு அண்ணாச்சி வலது லாக்கைக் கழற்றினார். உள்ளே பளிச்சென்று இருந்தது.

"இத யாரோ முன்னமே திறந்திருக்காவ. தொழில்காரன் இல்ல. திருப்புளிய வச்சு ஆணி தலையெல்லாம் சிதைச்சிருக்காவ பாருங்க. ஆனா பொறுமையா சுத்தம் பண்ணி, மெஷின் எண்ணெ விட்டு மூடியிருக்காவ. வெடிச்ச பக்கத்த மட்டும் திறந்து பாத்திருக்காவ. காரணம் தெரிஞ்சுபோச்சு, அதோட விட்டுட்டாவ."

எங்கள் வீட்டில் மெஷின் எண்ணெய் அம்மாவின் தையல் மெஷினில்தான் இருந்தது. அந்த ஏழு நாட்களில் ஒரு நாள் அப்பா இதைத் திறந்திருக்கிறார். தம்பியின் எண்ணெய்தான் தம்பியின் காதைத் தின்றது என்று பார்த்திருக்கிறார். துடைத்து மூடிவிட்டு, எட்டாம் நாள் வெளியே வந்து என் கைதான் என்று சொல்லியிருக்கிறார். அப்புறம் எங்கள் வீட்டில் மீனெண்ணெய் டின்னையே நான் பார்த்ததில்லை.

நான் அழுதேன். வேலை முடிந்தும் பெஞ்சிலேயே தூங்கிய காவலர் விழித்துக்கொண்டு என்னையே பார்த்தார். அண்ணாச்சி அவரிடம் டீ வாங்கிவரச் சொன்னார்.

இடது லாக்கையும் சுத்தம் செய்யட்டுமா என்றார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அரைகுறை வேலைய என் கடையில இருந்து அனுப்ப மாட்டேன்." சித்தப்பா கதையைச் சொல்லி, அவர் ஒரு தடவை கண்ணால் பார்க்கட்டும் என்றேன். கேட்டுவிட்டு, குதிரை விழும்போது தோட்டாவைக் குத்தும் இரண்டு பக்கத்து ஊசிகளையும் கழற்றி ஒரு பொட்டலத்தில் போட்டுத் தந்தார். ஊசி இல்லாமல் எந்தத் தோட்டாவும் வெடிக்காது. "திருப்பிக் கொண்டாங்க, முடிச்சுத் தாரேன்" என்றார்.

சனிக்கிழமை, காலை 8.00

வாடகைக் கார், ஆறுமுகநேரியும் நாசரேத்தும் போய்வர ஆயிரத்து எண்ணூறு ரூபாய். துப்பாக்கிப் பெட்டி பின் இருக்கையில், உரிமம் என் கைப்பையில். ஓட்டுநர் பொன்ராஜுக்கு முப்பது வயதிருக்கும், வாய் ஓயாது. முத்தையாபுரம் தாண்டியதும் இருபக்கமும் உப்பளங்கள், கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல்கள். பழையகாயல் தாண்டி முக்காணி பாலத்தில் தாமிரபரணி. ஏரல் சாலை பிரியும் இடத்தில் பொன்ராஜ் கையைக் காட்டினார். "இங்கிட்டுப் போனா கொற்கை, யக்கா. பாண்டியரு முத்து வித்த துறைமுகம்னு சொல்லுதாவ. இப்ப வாழத்தாருதான் விக்காவ. கடலு அதுபாட்டுக்குக் கெளம்பிப் போயிருச்சு."

முப்பது கிலோமீட்டரும் நான் ஒரே விஷயத்தைத்தான் யோசித்தேன். அப்பா தொடவில்லை என்று மட்டும் சொல்லலாம். பழைய துப்பாக்கி, தானாக விழுந்தது, அவ்வளவுதான். அப்பா நாற்பது வருடத்துக்கு மேல் மூடி வைத்ததைத் திறக்க நான் யார்? ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டும்போது, சொல்ல வேண்டாம் என்றே முடிவு செய்திருந்தேன்.

காலை 9.20

சித்தப்பா இன்னும் அதே வீட்டில்தான். அது அப்படியே இருக்கிறது. ஜன்னல் கம்பிகளில் அதே துரு. சித்தப்பா வெள்ளைச் சட்டை போட்டு, தலைவாரி, எங்கேயோ புறப்பட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் அவருடைய இடது பக்கம் போய் உட்கார்ந்தேன்.

"அப்பா தொடல சித்தப்பா. குதிரை தானா விழுந்திருக்கு."

அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்தார்.

"ஏன் விழுந்துச்சு?"

"பழசுல்லா."

"பழசுன்னா அதுக்கு முந்துன வருசமும் பழசுதானளா." உப்பளத்தில் ஆயுசு முழுக்கக் கணக்குப் பார்த்த மனிதரிடம் என் பொய் செல்லவில்லை.

பெட்டியைத் திறந்து துப்பாக்கியை எடுத்தார். குழலின் கோலத்தை விரலால் தடவினார். இரண்டு குதிரைகளையும் பாதி நிலையில் நிறுத்திக் கட்டையைத் தரையில் மெல்லத் தட்டினார். கை மறக்கவில்லை. இடது குதிரை விழுந்தது. அவர் குனிந்து, தகட்டின் இடுக்கில் மூக்கை வைத்து முகர்ந்தார்.

"மீனெண்ணெ."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அவனுக்குத் தெரியுமா?"

"வலது பக்கத்த அப்பா திறந்து பாத்திருக்காவ. சுத்தமா துடைச்சு வச்சிருக்காவ."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

"சொல்லியிருந்தா?"

அவர் வெளியே உப்பளத்தைப் பார்த்தார். "அந்த வயசுல தெரிஞ்சிருந்தா நான் கடல்ல விழுந்திருப்பேன். அவன வெறுக்கிறது லேசா இருந்துச்சுளா. அதுவே ஒரு வேலையா இருந்துச்சு." பிறகு எழுந்தார். "வா, போவோம்."

காலை 11.00

குரும்பூர் வழியாக நாசரேத். கல்லறைத் தோட்டத்து வாசலில் சித்தப்பா ஒரு நிமிடம் நின்றார். மூன்று வருடங்களுக்கு முன் நின்ற அதே இடம். அப்புறம் உள்ளே நடந்தார்.

அப்பாவின் கல்லறைப் பக்கத்தில் அவர் போய் நின்றபோது, பழக்கம் போலக் கல் அவருடைய வலது பக்கம் அமைந்தது. அதை அவரே கவனித்தார். தலைமாட்டைச் சுற்றி மெதுவாக நடந்து மறுபக்கம் வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டு உட்கார்ந்தார். கல்லின் பக்கம் இடது காதைச் சாய்த்துக்கொண்டு, "சொல்லுண்ணே" என்றார்.

நான் கார் வரை வந்து காத்திருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பொன்ராஜ் காத்திருப்புக் காசு கேட்கவில்லை.

இரவு எட்டரை மணிக்கு ரயில். சித்தப்பாவை வீட்டில் விட்டுவிட்டு, போகிற வழியில் துப்பாக்கியை மிக்கேல் அண்ணாச்சியிடம் ஒப்படைத்து, இடது லாக்கையும் சுத்தம் செய்யச் சொன்னேன். மறுநாள் காலை சென்னை வீட்டில் கதவைத் திறந்ததும் மகள் மக்ரூன் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு, "துப்பாக்கி லண்டனாம்மா?" என்றாள். இல்லை என்றேன். மேலே எழுதியிருந்தது பொய் என்றும், அடியில் பார்த்துவிட்டு வந்தேன் என்றும் சொன்னேன். உதட்டை நாக்கால் தொட்டுப் பார்த்தேன். உப்பு இன்னும் இருந்தது.